வகுப்பறைக்கு முதியோரை அழையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்டின் வரலாறு என்றால் என் பேத்திக்கு 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதுதான். 85 வயதான என் அம்மாவுக்கோ 1965: வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்கும்படி பிரதமர் சாஸ்திரி கேட்டதும், திங்கள் இரவு அடுப்பு மூட்டாமல் படுத்ததும், ரேஷன் அரிசிக்குத் துணிப்பையோடு கால்கடுக்க நின்றதும்! இவற்றைச் சொல்லத் தொடங்கினால் அம்மாவின் குரலே நிமிர்ந்துவிடுகிறது. அன்றைக்குச் சோறும் மறுக்காமல் சாப்பிடுகிறார். தேர்வு பயத்தில் சுருண்டு கிடந்த பேத்தியும், "அவ்வளவு பஞ்சத்தையும் தாண்டி வந்தீர்களா பாட்டி?" என்று எழுந்து உட்கார்ந்தாள். முதியோரின் தனிமைக்கு மாத்திரை எழுதித் தருகிறோம். அவர்கள் பேச்சைக் கேட்கத்தான் ஆளில்லை. பள்ளிகள் மாதம் ஒருமுறையாவது வரலாற்று வகுப்புக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைக்கக் கல்வித்துறை உத்தரவிட வேண்டும். ஒரு நாற்காலியும் ஒரு மணி நேரமும் போதும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்