அந்த எல்ம் மரத்தைத் திரும்ப நட்டுத் தாருங்கள்

மதிப்புக்குரிய கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று மடல்கள் எழுதிவிட்டேன். இந்த நான்காவதை என் மொழியிலும் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். இவ்வூர்த் தமிழர்களும் அந்தச் சாலையில்தான் தினமும் போய்வருகிறார்கள். ஆங்கில நகல் தனியாக வரும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் உலகப் போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்று நட்ட நம் நினைவுச் சாலையில், ரவுண்டானா போட நான்கு எல்ம் மரங்களை வெட்டினீர்கள். அதில் ஒன்றின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டை இன்றுவரை காணோம். மரத்தைத் திரும்ப நட்டு, தகட்டையும் வைத்துத் தாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

தகட்டில் பெயர் இருந்தவர் எனக்கு உறவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருடைய பாட்டியின் தம்பி. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் அவருடைய ராணுவக் கோப்பைத் தேடியெடுத்துப் பெரியவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பண்ணைக் கூலி. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். 1914-ல் ஐந்தடி ஆறு இல்லாதவர்களைப் படையில் எடுக்கவில்லை; 1915 நடுவில் அளவைக் குறைத்ததும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளுக்கு 6 ஷில்லிங் சம்பளம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயச் சேவையை 1916, 1917 என இரண்டு வாக்கெடுப்பிலும் மக்கள் மறுத்த நாடு இது. எகிப்து, அப்புறம் பிரான்ஸ். அனுமதியில்லாமல் அரை நாள் வெளியே சுற்றியதற்கு ஒருமுறை சம்பளப் பிடித்தம். வீரப் பதக்கம் எதுவும் இல்லை. 1916 ஜூலையில் பிரான்ஸின் போசியர் கிராமம். ஏழு வாரத்துக்குள் 23,000 ஆஸ்திரேலியர்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்த இடம். ஆகஸ்டில் ‘காணவில்லை’ என்று ஒரு வரி. மறு வருடம் ‘போரில் இறந்தார்’.

அதற்கடுத்து அவருடைய அம்மாவின் கடிதம். கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து. மகனைப் புதைத்த இடம் எது, ஒரு போட்டோவாவது கிடைக்குமா என்று கேட்கிறார். தட்டச்சில் நாலு வரி பதில்: தகவல் எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்த பொட்டலத்தில் ஒரு புகைக்குழாய், சில கடிதங்கள், ஒரு சீப்பு. உடல்களை ஊருக்குக் கொண்டுவர அன்று அனுமதியில்லை. இவருக்கோ உடலே கிடைக்கவில்லை. பிரான்ஸில் வில்லர்ஸ்-பிரெட்டனோ நினைவுச் சுவரில், கல்லறையில்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே இவர் பெயரும் இருக்கிறது. 1938-ல் அதைத் திறந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

அந்த அம்மாவுக்கு இருந்தது இந்த மரம் ஒன்றுதான். கன்றை நட்டதே அவர்தானாம். ஞாயிறுதோறும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாராம், கைக்குட்டையால் தகட்டைத் துடைத்துவிட்டுத்தான் திரும்புவாராம். பாட்டி சொல்லக் கேட்டதைப் பெரியவர் என்னிடம் சொன்னார்.

“தகடு கிடங்கில் இருக்கலாம்” என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாமா? அந்தத் தாய்க்கு ராணுவ அலுவலகம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். நூறு வருடம் கழித்து அதே பதிலை அந்தக் குடும்பத்துக்கு நீங்களும் தருகிறீர்கள்.

போருக்குப் போனவர்களை நினைக்கும் ஆன்சாக் தினமான ஏப்ரல் 25 விடியற்காலையில் குளிரில் நின்று ‘மறக்க மாட்டோம்’ என்கிறோம். கான்பெரா போர் நினைவகத்தை விரிவாக்க சுமார் 50 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கன்றுக்கும் ஒரு தகட்டுக்கும் ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. விக்டோரியா மாநிலத்தின் பல்லாரட் நகரில் 1917-ல் இப்படி ஒரு சாலை அமைக்கத் தொடங்கியபோது, பதவியைப் பார்க்காமல் படையில் சேர்ந்த வரிசைப்படிதான் மரம் நட்டார்கள். அதிகாரிக்கும் ஒரு மரம், சிப்பாய்க்கும் ஒரு மரம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது பழைய இரண்டுதான்: மரம், தகடு. பழைய தகடு கிடைக்காவிட்டால் அதே பெயரில் புதிதாகச் செய்யுங்கள், செலவை நாங்கள் தருகிறோம்.

எல்ம் கன்று நட ஜூன், ஜூலை நல்ல சமயம். பெரியவருக்கு 86 வயது. முதல் வாளித் தண்ணீரைத் தன் கையால் ஊற்ற வேண்டும் என்கிறார். தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அதே சாலையில் குடியிருப்பவன்