அத்தையோட மறதிக்கு பேர் கண்டுபிடிச்சு கொடுத்தவங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், நேத்து அத்தையை மூணாவது தடவை மெமரி டெஸ்டுக்கு கூட்டிட்டு போயிட்டு வந்ததும் இன்னிக்கு எழுதாம தூங்கக்கூடாதுன்னு உக்காந்துட்டேன். அத்தைன்னா என் மாமியார், 71 வயசு, உறையூர்ல 22 வருஷமா தீபாவளி பலகாரச் சீட்டு நடத்துனவங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், "எழுதிக்கோ, ஆனா என் பேரைப் போடாத"ன்னு சொல்லிட்டாங்க, அதனால யாரோட பேரும் இதுல இருக்காது, படிக்கிறவங்களுக்கு தெரியும் யாரை சொல்றேன்னு.

அத்தையோட சீட்டைப் பத்தி தெரியாதவங்களுக்காக சொல்றேன். 40 பேர், மாசம் 500 ரூபா. நோட்டு ஒண்ணுல எழுதி வெப்பாங்க, ஆனா கணக்கு கேட்டா அதைப் பிரிச்சுப் பார்த்து சொல்லி நான் பார்த்ததில்ல. யார் எந்த மாசம் கட்டினாங்க, யார் பாதி கொடுத்துட்டு மீதி பாக்கி வெச்சிருக்காங்க, யார் வீட்டுக்கு அதிரசம் வேண்டாம் முறுக்கு கூட வேணும், எல்லாம் வாய்லயே இருக்கும். அப்படிப்பட்டவங்க.

முதல் நன்றி எங்க தெருவுல மூணாவது வீட்டு அக்காவுக்கு. அக்கா, ஆவணி மாச சீட்டுப் பணத்தை நீங்க கட்டிட்டீங்க, அடுத்த வாரம் அத்தை வந்து திரும்ப கேட்டாங்க, கொடுத்துட்டீங்க, மூணாவது தடவையும் வந்து கேட்டப்போதான் நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கும்போது வந்து, "தப்பா எடுத்துக்காதம்மா, பணம் போனா போகுது, ஆனா அவங்க இப்படிப்பட்ட ஆள் இல்லையே, உடம்புக்கு ஏதோ சரியில்ல, பாரு"ன்னு மெதுவா சொன்னீங்க. அதே விஷயத்தை நீங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டு கேட்டிருந்தா 22 வருஷ பேரு ஒரே நாள்ல போயிருக்கும். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அதுக்குள்ள வீட்டுக்குள்ள வேற கதை ஓடிட்டு இருந்துச்சு, அதையும் சொல்லணும். பீரோல வெச்ச 12,000 ரூபாயை காணோம்னு அத்தை சொன்னாங்க, மருமகதான் எடுத்துட்டான்னு கரூர்ல இருக்கற என் நாத்தனாருக்கு போன் பண்ணி அழுதாங்க. நாத்தனார் என்கிட்ட கேட்டாங்க, நான் பதிலுக்கு பேசினேன், நாலு மாசம் ரெண்டு பேரும் முகம் கொடுத்து பேசிக்கல. பணம் கடைசில அரிசி டிரம்முக்குள்ள மஞ்சப்பைல சுத்தி கிடைச்சுது, அப்பவும் அத்தை "நீயே வெச்சுட்டு நீயே எடுத்து கொடுக்கறியா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு நான் பேசுன பேச்சு இருக்கே, "வேணும்னே பண்றீங்க, நடிக்கறீங்க"ன்னு, அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு வலிக்குது. இப்படி பொருளை தானே எங்கேயோ வெச்சுட்டு கூட இருக்கறவங்க திருடிட்டாங்கன்னு நம்பறது டிமென்ஷியாவுல (ஞாபகமும் யோசிக்கற திறனும் குறைஞ்சுக்கிட்டே போற நோய்) ரொம்ப சகஜம்னு எனக்கு அப்ப தெரியாது. பெரும்பாலும் அந்தப் பழி பக்கத்துலயே இருந்து சோறு போடற ஆள் மேலதான் விழும்னும் தெரியாது.

ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம், "70 தாண்டுனா மறதி வரத்தான் செய்யும்"னு சத்து மாத்திரை எழுதி கொடுத்து அனுப்பிட்டார். நாங்களும் நம்பி ஏழு மாசம் சும்மா இருந்துட்டோம். எதையோ தேடி ரூமுக்குள்ள போய் எதுக்கு வந்தோம்னு நிக்கறது எல்லாருக்கும் வரும், கொஞ்ச நேரத்துல ஞாபகமும் வந்துடும், ஆனா வாங்குன பணத்தை வாங்கவே இல்லன்னு அடிச்சு சொல்றது அந்த மறதி இல்ல, அதைப் பிரிச்சுப் பார்க்க எங்களுக்கு தெரியல.

பிரிச்சுப் பார்த்தது ரெண்டாவதா நன்றி சொல்ல வேண்டியவங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல எங்க தெருவுக்கு பிபி சுகர் மாத்திரை கொண்டு வர்ற தங்கச்சி. ஒரு மாசம் அவங்க வந்தப்போ அத்தையோட டப்பாவை வாங்கி அட்டை அட்டையா எண்ணிப் பார்த்தாங்க. சுகர் மாத்திரை 18 நாள்லயே தீர்ந்து போயிருக்கு, பிபி மாத்திரை ஒண்ணு கூட பிரிக்கல. தரையில உக்காந்து ஒவ்வொரு குழியா விரலை வெச்சு எண்ணிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, சாப்பிட்டதை மறந்துட்டு திரும்ப சாப்பிடறாங்க, இது சாதாரண மறதி மாதிரி தெரியல, மெமரி டெஸ்ட் எடுக்க சொல்லுங்க"ன்னு சொன்னாங்க. பெரிய படிப்பு படிச்சவங்க கண்ணுல படாதது அவங்க கண்ணுல பட்டுச்சு. தங்கச்சி, உனக்கு கோடி புண்ணியம்.

டெஸ்டுக்கு முதல்ல போன இடத்துல நடந்ததை சுருக்கமா சொல்லிடறேன். டோக்கன் கூப்பிடற சத்தத்துக்கு நடுவுல காரிடார்லயே உக்கார வெச்சு, பாதி இங்கிலீஷ்ல வேகவேகமா கேட்டு, பத்து நிமிஷத்துல 30க்கு 9னு போட்டு கொடுத்தாங்க. கண்ணாடியை வீட்ல விட்டுட்டு போயிட்டோம், காது வேற அத்தைக்கு சரியா கேக்காது, யாரும் அதை கேக்கவே இல்ல. திரும்பி வரும்போது ஆட்டோல "என்னை பைத்தியம்னு எழுதிட்டாங்களா"ன்னு கேட்டு அழுதாங்க. அப்புறம் ரெண்டு மாசம் எங்கயும் வரமாட்டேன்னுட்டாங்க.

அதுக்கப்புறம்தான் சைக்காலஜிஸ்ட் மேடம் கிடைச்சாங்க. மேடம், நீங்க இதை படிப்பீங்கன்னு தெரியும். முதல் நாள் நீங்க டெஸ்டே எடுக்கல, காதுல அழுக்கு அடைச்சிருக்குன்னு பார்த்து இஎன்டிக்கு அனுப்பிட்டீங்க, அடுத்த வாரம் கண்ணாடியோட வாங்கன்னு சொன்னீங்க, அந்த ஒரு விஷயத்துலயே எனக்கு பாதி உயிர் வந்துச்சு. டெஸ்ட் அன்னிக்கு கதவை சாத்திட்டு, முதல்ல பத்து நிமிஷம் சீட்டைப் பத்தியே பேசவிட்டீங்க.

இந்த டெஸ்டுகளைப் பத்தி மேடம் எனக்கு சொன்னதை இங்க எழுதறேன், நிறைய பேருக்கு உதவும். உலகம் முழுக்க ஓடற எம்எம்எஸ்இன்னு ஒரு 30 மார்க் டெஸ்ட் 1975ல அமெரிக்காவுல வந்தது, அதுல ஒரு இங்கிலீஷ் வார்த்தையை பின்னாலிருந்து எழுத்துக்கூட்ட சொல்வாங்க, ஒரு வாக்கியம் எழுத சொல்வாங்க. பள்ளிக்கூடமே போகாதவங்க அதுல எப்படி மார்க் வாங்குவாங்க? ஹரியானாவுல பல்லப்கர் பக்கத்து கிராமங்கள்ல எழுதப் படிக்க தெரியாத பெரியவங்களுக்காகவே மேரி கங்குலிங்கற மனநல டாக்டரோட குழு அதை இந்தில மாத்தி 1995ல வெளியிட்டாங்க, வேலூர் சிஎம்சிலயும் நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னு டிமென்ஷியா இருக்கான்னு முதல்கட்டமா பார்க்கற டெஸ்ட் உருவாக்கியிருக்காங்க. 5ஆம் கிளாஸ் படிச்சவங்களுக்கும் டிகிரி படிச்சவங்களுக்கும் ஒரே கட் ஆஃப் வெச்சா, இல்லாத நோயை இருக்குன்னு சொல்லிடலாம், இருக்கற நோயை விட்டுடலாம். அத்தை விஷயத்துல கணக்கை மட்டும் பார்த்திருந்தா ரெண்டாவதுதான் நடந்திருக்கும். ஏன்னா 100லேருந்து ஏழு ஏழா கழிங்கன்னதும் 93, 86, 79, 72, 65ன்னு தடங்கலே இல்லாம சொன்னாங்களாம்! 22 வருஷம் பணம் எண்ணுன வாயி, அந்தக் கணக்கு ஊறிப்போன கணக்கு, பழகுன திறமை ரொம்ப நாள் நிக்கும்னு மேடம் சொன்னாங்க.

கடிகாரம் வரைய சொன்ன பேப்பரை எனக்கு காட்டினாங்க. கோலம் போட்ட கை, வட்டம் அப்படியே ரவுண்டா வந்திருக்கு. ஆனா 1லேருந்து 8 வரைக்கும் நம்பர் எல்லாம் வலது பக்கமே நெருக்கி எழுதிட்டு, மீதிக்கு இடமில்லாம வட்டத்துக்கு வெளில போட்டிருக்காங்க, இடது பக்கம் வெறுமையா கிடக்குது. அதைப் பார்த்ததும் எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

அப்புறம் அஞ்சு வார்த்தை. என்ன வார்த்தைன்னு இங்க எழுத மாட்டேன், சில பேர் நெட்ல கேள்வியை எடுத்து பெரியவங்களுக்கு மனப்பாடம் பண்ண வெச்சு கூட்டிட்டு போறாங்களாம், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, நோய் மறைஞ்சு போய் நாள்தான் வீணாகும். சொன்ன உடனே அத்தை நாலு வார்த்தையை திருப்பி சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ ஒண்ணு கூட இல்ல, "என்கிட்ட வார்த்தை எதுவும் சொல்லலையே"ன்னு கேட்டாங்களாம். "அதுல ஒண்ணு பூ"ன்னு துப்பு கொடுத்தும் வரல, மூணு பூ பேரை சொல்லி இதுல எதுன்னு கேட்டும் தப்பாதான் சொன்னாங்க. துப்பு கொடுத்ததும் ஞாபகம் வந்தா உள்ள இருக்கு, எடுக்கத்தான் கஷ்டப்படறாங்கன்னு அர்த்தம், மனச்சோர்வுல கூட அப்படி ஆகும், துப்பு கொடுத்தும் வரலன்னா உள்ளயே பதியல, டிமென்ஷியாவுல அதிகமா வர்ற வகையான அல்சைமர்ல அப்படித்தான் இருக்கும்னு மேடம் சொன்னப்போதான் எனக்கு எல்லாம் உறைச்சுது. அக்கா கொடுத்த 500 ரூபா அத்தை மனசுல பதியவே இல்ல. அவங்க பொய் சொல்லல, நடிக்கல. அவங்க வரைக்கும் அந்தப் பணம் வரவே இல்ல.

என்னையும் நாத்தனாரையும் மேடம் தனித்தனியா கூப்பிட்டு பேசினாங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க இப்ப எப்படின்னு. டெஸ்ட் மார்க்கை மட்டும் வெச்சு நோயை முடிவு பண்ண முடியாது, கூட இருக்கறவங்க சொல்றதும் பாதி டெஸ்டுதானாம். நாத்தனார் கரூர்லேருந்து வரும்போது பழைய சீட்டு நோட்டெல்லாம் மூட்டையா கட்டிக்கிட்டு வந்தாங்க (இந்த யோசனை அவங்களுக்கு எப்படித்தான் வந்துச்சோ). 2015 நோட்டு அச்சடிச்ச மாதிரி. 2019ல அங்கங்க அடிச்சு திருத்தல். 2023 நோட்ல ஒரே ஆள் பேரு ஒரே பக்கத்துல மூணு தடவை, ஒரே மாசத்துக்கு நீல மைல ஒரு டிக், சிவப்பு மைல ஒரு டிக், அப்புறம் அடிச்சுட்டு "கொடுக்கவில்லை"ன்னு. நாத்தனார் அந்தப் பக்கத்தை பார்த்துட்டே வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வெளில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் பேசல. அண்ணி, அந்த நிமிஷத்துக்கு நன்றி. நாலு மாசக் கசப்பு அந்த பெஞ்சுலயே போயிடுச்சு.

அதுக்கப்புறம் ரத்த டெஸ்ட், தைராய்டு, வைட்டமின் பி12, எம்ஆர்ஐ எல்லாம் பார்த்தாங்க. சரி பண்ணக்கூடிய காரணத்தால வர்ற மறதியும் உண்டு, அதை விட்டுடக்கூடாதுன்னு. பி12 கம்மியாதான் இருந்துச்சு, ஊசி போட்டாங்க, இதான் காரணமா இருக்கணும்னு வெக்காளியம்மனுக்கு வேண்டிக்கிட்டு மூணு மாசம் காத்திருந்தோம், கொஞ்சம் சுறுசுறுப்பு வந்துச்சு, மறதி போகல. அல்சைமர்னு நரம்பு டாக்டர் சொன்னார். மாத்திரை குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கலாம்னு ஒளிக்காம சொன்னார், அதுக்கும் நன்றி சார். நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 7.4 சதவீதம், 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல வந்த ஒரு கணக்கு சொல்லுது. இத்தனை வீட்ல எத்தனை மருமக "நடிக்கறீங்க"ன்னு கத்திட்டு இருப்பாளோன்னு நினைச்சா தூக்கம் வர மாட்டேங்குது.

யாருக்காவது சந்தேகம் இருந்தா, எங்க போறதுன்னு தெரியலன்னா, பெரியவங்களுக்கான 14567, மனநலத்துக்கான 14416, ரெண்டுமே காசில்லாத நம்பர், கேளுங்க. போகும்போது கண்ணாடி, காது மெஷின், சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, கூடவே தினமும் பார்க்கற ஒரு ஆளும் போகணும்.

நேத்து ஆறு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட், வேற வார்த்தை, வேற பேப்பர். மேடம் முதல்ல எடுத்தப்போ 30க்கு 19 இருந்தது இப்ப 17 ஆயிருக்கு. வெளில வந்ததும் அத்தை "பாஸா?"ன்னு கேட்டாங்க. மேடம் அவங்க கையைப் பிடிச்சு, "இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாதும்மா, முழு நேரமும் உக்காந்து பண்ணீங்களே, அதுவே பெருசு"ன்னாங்க. அத்தைக்கு அவ்ளோ சந்தோஷம்.

கடைசியா சீட்டு கட்டுன 40 குடும்பத்துக்கும். விஷயத்தை சொன்னப்போ ஒருத்தர் கூட கோவப்படல, ரெண்டு தடவை கட்டினவங்களுக்கு கணக்கு பார்த்து திருப்பி கொடுக்க போனப்போ அஞ்சு பேர் வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. இப்ப நான் எழுதறேன், நாத்தனார் மாசா மாசம் வந்து சரிபார்க்கறாங்க, வசூல் அன்னிக்கு அத்தை நோட்டை மடியில வெச்சுக்கிட்டு திண்ணையில உக்காருவாங்க. மூணாவது வீட்டு அக்கா வந்து 500 கொடுப்பாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அத்தை "நீ இன்னும் கட்டலையேடி"ன்னு கேட்டா, அக்கா "ஆமாக்கா, மறந்தே போயிட்டேன்"னு இன்னொரு 500ஐ எடுத்து கையில வெப்பாங்க. சாயங்காலம் விளக்கு வெச்சதும் நான் அதை எடுத்துட்டு போய் அவங்க கொல்லைப்பக்கக் கதவுல கொடுத்துட்டு வந்துடுவேன்.