மில் வேலிக்கு உள்ளே இருக்கும் காதுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோருக்கு நம்மிடையே குறைவில்லை. அரிசி மில்லின் இரைச்சல் பக்கத்து வீட்டாரைத் தூங்கவிடாவிட்டால் அதற்கும் முறையிட வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவில் 45 என்றும், நகர சபைப் பகுதிக்கு 63, 50 என்றும், கைத்தொழிற்பேட்டைகளுக்கு 70, 60 என்றும் எல்லை போட்டிருக்கின்றன. ஆனால் இந்த அளவுகள் எல்லாம் காணியின் எல்லையில் வைத்து அளக்கப்படுபவை. வேலிக்கு வெளியே இருப்பவரைக் காக்க எழுதப்பட்டவை. அதே மில்லுக்குள் அரிசி தீட்டும் பொலிஷரோடு ஒட்டி நாள் முழுக்க நிற்பவரின் காதடியில் மீட்டரைப் பிடித்துப் பார்ப்பது மிக அரிது. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் நெல் மில்கள். நகரைச் சுற்றித் தச்சுப்பட்டறைகள், வெல்டிங் பட்டறைகள். கரையோரம் ஃபைபர் படகு கட்டும் கொட்டில்கள், ஐஸ் ஆலைகள். உள்ளே போனால் கல் உடைக்கும் இடங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் கலங்கள். பெரிய தொழிற்சாலைகளில் பாதுகாப்புக்கென்று ஒரு அதிகாரியாவது இருப்பார். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறிய இடங்களில்தான் காது போகிறது. அங்கே "மெஷின் எண்டா சத்தம் போடத்தானே செய்யும்" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். நாளுக்கு 8 மணிநேரம் என்றால் 85 டெசிபல் என்பதே தொழிற்சுகாதார நிபுணர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் சக்தி இரண்டு மடங்காகிறது. ஆகவே நிற்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88 என்றால் 4 மணிநேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். மரம் சீவும் பிளேனரும் வட்டவாளும் பொதுவாக 100க்கு அண்மையில் நிற்கும். இரும்பில் கிரைண்டர் பிடித்தால் 95 முதல் 105 வரை போகும். காலையில் கால் மணிநேரம் பலகை சீவியவர் அன்றைய நாளுக்கு உரிய பங்கை முழுதாக வாங்கிவிட்டார். மிச்சமுள்ள ஏழே முக்கால் மணிநேரமும் அவருடைய காதுக்குக் கடன்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை: ஒரு கை நீட்டும் தூரத்தில், அதாவது மூன்றடிக்குள் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 85ஐத் தாண்டியிருக்கிறது. இன்னொன்று, வீட்டிலேயே செய்யலாம். காலையில் வேலைக்குப் போகுமுன் கைத்தொலைபேசியில் ரேடியோவை மட்டுமட்டாகப் பேச்சு விளங்கும் அளவில் வையுங்கள். பின்னேரம் வந்து அதே இடத்தில் அதே அளவில் கேளுங்கள். பேச்சு விளங்கவில்லை என்றால் உங்கள் காது அன்று களைத்துவிட்டது. ஓர் இரவு அமைதியில் அது மீளலாம். அப்படி ஆயிரம் பின்னேரங்கள் போனால் மீளாது.

ஏன் மீளாது? உட்காதின் நத்தை போன்ற சுருளுக்குள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிர்க்கலங்கள்தான் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்ததே ஆயுளுக்கும். இறந்தது திரும்ப முளைப்பதில்லை. அதிலும் முதலில் சாவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையான கூர்மையான ஒலிகளைப் பிடிப்பவை. காது பரிசோதனை வரைபடத்தில் 4000இல் ஒரு பள்ளம் விழும். தாழ்ந்த ஒலிகள் அப்படியே இருப்பதால் ஆள் "எனக்குக் காது நல்லாக் கேக்குது" என்றுதான் சொல்வார். உண்மையில் அவருக்கு உயிரெழுத்துகளின் முழக்கம் கேட்கும். ச, த, ட, ப போன்ற மெய்கள் நழுவும். "பத்து"க்கும் "பட்டு"க்கும் வித்தியாசம் தெரியாது. குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்கும். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கள் எண்டு விளங்குதில்ல" என்று ஒருவர் சொல்லத் தொடங்கும்போது சேதம் பல வருடம் பழையது. இரவில் காதுக்குள் "கூ" என்று ஓயாத இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். காதுக் கருவி சத்தத்தைப் பெரிதாக்கித் தரும்; போன தெளிவைத் திருப்பித் தராது. நாற்பது வயதுக்காரரை ஊரார் "செவிடன்" என்று கூப்பிடுவதும், அவர் மெல்ல மெல்லக் கல்யாண வீட்டுக்கும் கோயிலடிக்கும் போவதை விடுவதும் எந்த மருத்துவ அட்டையிலும் பதியப்படாத இழப்பு.

காதோடும் நிற்காது. நாள் முழுக்க இரைச்சலில் இருக்கும் உடம்பு தன்னை ஆபத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, நித்திரை கெடுகிறது, களைப்புக் கூடுகிறது. பின்னால் வரும் லொறியின் ஹோர்னும் "கையை எடு" என்ற கத்தலும் கேட்காமல் போவதால் விபத்தும் கூடுகிறது.

ஃபைபர் படகுக் கொட்டில்களில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. ஃபைபரை இறுக்கும் பசையான ரெசினிலிருந்து ஆவியாகும் ஸ்டைரீன் என்ற இரசாயனம் உட்காதுக்குத் தானாகவே நஞ்சு. விளிம்பு வெட்டும் கிரைண்டரின் சத்தமும் அதுவும் சேரும்போது சேதம் கூடுகிறது. வாயில் கட்டும் துணியும் சாதாரண மாஸ்க்கும் தூசைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிஜ் பூட்டிய முகமூடி வேண்டும். ரெசின் பூசும் இடமும் வெட்டும் இடமும் தனித்தனியாக, காற்று அடித்துப் போகும் பக்கமாக இருக்க வேண்டும்.

பலநாள் கலங்களின் நிலை வேறு. 85 டெசிபல், 8 மணிநேரம் என்ற கணக்கு மிச்சம் 16 மணிநேரம் காது அமைதியில் ஓய்வெடுக்கும் என்று நம்பிப் போடப்பட்டது. கடலில் அந்த அமைதி எங்கே? என்ஜினுக்கு மேலேயே தூங்கிக் கிழமைக்கணக்காகப் போகும் ஆட்களுக்கு 24 மணிநேரமும் வேலை நேரந்தான். அதே கணக்கில் 24 மணிநேரத்துக்கு எல்லை 80 ஆகக் குறைகிறது. படுக்கும் இடமோ 70க்குக் கீழே இருந்தால்தான் காது ஆறும். என்ஜின் அறைக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள பலகைச் சுவரில் வயரும் குழாயும் போகும் ஓட்டைகளை அடைப்பதே முதல் வேலை. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் எவ்வளவு தடித்த சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவு ஓரத்தில் ரப்பர்ப் பட்டி, புகைக்குழாயில் ஓட்டை விழாத சைலன்சர், என்ஜின் காலடியில் இறுகிப்போகாத ரப்பர். இவற்றைக் கலம் கரைக்கு வந்து நிற்கும் நாட்களிலேயே செய்துவிடலாம்.

நெல் மில்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் குறைந்த செலவில் அதிகம் திருத்தக்கூடிய இடம் அதுதான். மில்லில் சத்தம் நாலைந்து இடத்திலிருந்து வருகிறது: உமி ஊதும் புளோவர், பொலிஷர், நெல்லை மேலேற்றும் எலிவேட்டர், சல்லடை, தகரக் கூரை. கூரை தானாகச் சத்தம் போடாது. கீழே வருவதைத் திருப்பி அடிக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். தகரக் கொட்டிலுக்குள் அந்த அளவுக்குக் குறையாது. அதனால்தான் மூலையில் மூட்டை தைப்பவரும் தப்புவதில்லை.

புளோவரில் தொடங்குங்கள். பெரும்பாலும் அது தேவைக்கு மேல் வேகமாகவே ஓடவிடப்பட்டிருக்கும். விசிறியின் புல்லியைப் பெரிதாக்கி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் விசிறிச் சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபல் இறங்கும். காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் உமி ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும். விசிறி இதழில் தவிடு ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்திருந்தால் சமநிலை கெட்டு முழு மில்லும் அதிரும். கிழமைக்கொரு தடவை மெயின் சுவிட்சை நிற்பாட்டிச் சுரண்டிவிட வேண்டும். விசிறிக்கும் தகரக் குழாய்க்கும் நடுவே ஓரடி தடித்த கான்வஸ் மூட்டுப் போட்டால் அதிர்வு குழாய்க்கு ஏறாது. எலிவேட்டரிலிருந்து நெல் விழும் தகரச் சரிவில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டை உட்பக்கமாக ஒட்டினால் "சளசள" என்பது "பொதபொத" ஆகும். செலவு சில போல்ட்டும் ஒரு பின்னேரமும்.

எந்தத் தகடு கத்துகிறது என்று தெரியாவிட்டால் நீண்ட மரத்தடியின் நுனியால், சுழலும் பாகம் எதுவும் அருகில் இல்லாத வெளித்தகட்டை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் விழுகிறதோ அதுதான் ஆள். அந்தத் தகட்டின் போல்ட்டை ரப்பர் வாசரோடு இறுக்குங்கள், நடுவில் ஒரு இரும்புப் பட்டி போட்டு விறைப்பாக்குங்கள். வெறுங்கையால் ஒருபோதும் அழுத்த வேண்டாம். பேரிங் தேய்ந்து "கீர்" என்று அழுவது தானும் போகப்போகிறேன், ஷாஃப்டையும் கொண்டுபோவேன் என்ற அறிவிப்பு. அதை மாற்றுவது காதுக்கும் காசுக்கும் நல்லது. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டும் பழக்கமும் இருக்கிறது. அது இந்தச் சத்தத்தைத் தடுக்காது. தவிட்டுத் தூசிக்கிடையில் நெருப்புக்குத்தான் இரையாகும்.

இவ்வளவும் செய்தபிறகும் மிஞ்சும் சத்தத்துக்குத்தான் காதுக்குள் செருகும் இயர் பிளக். இதைத் தலைகீழாகச் செய்வதே நமது பெரிய பிழை. ஒரு பெட்டி ஃபோம் பிளக்கைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். பெட்டியில் NRR (எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற எண்) 29 என்று போட்டிருக்கும். அது ஆய்வுகூட எண். நடைமுறையில் அதிலிருந்து 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும், கிடைப்பது 11. பிழையாகச் செருகினால் அதுவும் இல்லை. சரியான முறை இது: கையைக் கழுவிவிட்டு பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சி போல உருட்டவும். வலது காதென்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்கவும். அப்போதுதான் காதுக்குழாய் நேராகும். உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரல் நுனியால் பிடிக்கவும். கண்ணாடியில் முன்னால் இருந்து பார்க்கும்போது பிளக் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது இருந்தும் இல்லாததுதான். எண்ணெய்க் கையாலோ ஃபைபர்த் தூள் ஒட்டிய கையாலோ செருகினால் காதில் புண் வரும். உருட்டியபின் திரும்ப விரியாத பிளக்கை வீசிவிடுங்கள். காதை வெளியே மூடும் இயர் மஃப் போடுபவர்கள் கண்ணாடிக் காம்பு, தொப்பி, தலைத்துணி இவற்றின் மேலே அதை வைத்தால் இடைவெளியால் சத்தம் நுழையும். சாதாரணப் பருத்திப் பஞ்சு ஒன்றுக்கும் உதவாது. சத்தத்தை மறைக்கப் பாட்டுக் கேட்கும் இயர்போன் போடுவது எரியும் நெருப்பில் எண்ணெய்.

கழற்றிக் கழற்றிப் போடுபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 30 டெசிபல் முழுதாகத் தடுக்கும் காப்பை 8 மணிநேரத்தில் அரை மணிநேரம் மட்டும் கழற்றினால், அந்த நாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல்தான். புழுக்கத்துக்குக் கழற்றுவதை யாரும் குறை சொல்ல முடியாது, நம் வெயில் அப்படி. ஆகவே கழற்ற ஓர் அமைதியான மூலையை முதலாளி ஒழுங்குசெய்ய வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பது மூன்று. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் மில்லுக்கும் பட்டறைக்கும் வரும்போது, எல்லா இயந்திரமும் சுமையோடு ஓடுகையில் ஆள் நிற்கும் இடத்தில் காது உயரத்தில் அளந்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லட்டும். சுற்றாடல் உரிமம் புதுப்பிக்கும்போது வேலி அளவோடு உள் அளவும் கேட்கப்படட்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் நாளுக்கு முன்பே காது பரிசோதனை நடக்கட்டும். பரிசோதனைக்கு முந்திய 14 மணிநேரம் அவர் இரைச்சலில் நிற்கக்கூடாது, இல்லாவிட்டால் காதின் தற்காலிகக் களைப்பு நிரந்தரக் குறையாகப் பதிந்துவிடும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரியும் முதல் வரைபடத்தைவிட 10 டெசிபல் இறங்கியிருந்தால் ஆளை மாற்றுமுன் மெஷினைப் பாருங்கள். அவருடைய இடத்துக்கு வருபவருக்கும் அதே காதுதான்.

பெரும்போக நெல் மாசி, பங்குனியில் மில்லுக்கு வரும். வரத் தொடங்கியபின் எந்த முதலாளியும் மில்லை நிற்பாட்டிப் புல்லி மாற்றமாட்டார். அவருக்கும் அதுதான் வருமானக் காலம். கான்வஸ் மூட்டு, ரப்பர்த் துண்டு, பேரிங் எல்லாவற்றையும் மார்கழிக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.