சாய்கோடு வேண்டுமா, வேண்டாமா?

அன்புள்ள சேது,

கடிதத்துக்குப் பதிலில்லை என்று நீ அடுத்த வசவை அனுப்புவதற்குள் எழுதிவிடுகிறேன். எல்லோரும் நலம். எனக்குத்தான் மண்டையிடி. காரணம் வேறு யார், ‘/’ கோட்டுக்காகச் சண்டை போடுவதால் நாம் ‘சாய்கோடு’ என்று அழைக்கும் நம் நண்பன்தான்.

லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புதியவர்களுக்கான நம் கையேடு ஒருவழியாக முடிந்துவிட்டது, அட்டைதான் பாக்கி. ‘லினக்ஸ்: முதல் பாடங்கள்’ என்று எழுதிச் சுற்றுக்கு விட்டேன். மறுநாளே சாய்கோட்டிடமிருந்து எட்டுப் பக்கக் கண்டனம்! ‘குனு/லினக்ஸ்’ என்று போடாவிட்டால் தன் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். நம் பேராசிரியர் சும்மா இருப்பாரா? அந்தக் கோடு பெயருக்குள் வந்தால் தன் அத்தியாயங்கள் வெளியே போகும் என்கிறார். இருவரும் இப்போது என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சாய்கோட்டின் வாதம் உனக்கு மனப்பாடம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். கம்பைலர், கட்டளைகளை வாங்கும் ஷெல், சி நூலகம் எல்லாம் வந்தன, வன்பொருளை நிர்வகிக்கும் மையநிரலான கெர்னல் மட்டும் வரவில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கொண்டுவந்தார், பெயர் முழுவதும் அவர் பக்கம் போய்விட்டது. இதில் வேடிக்கை, அவரே அதற்கு ‘ஃபிரீக்ஸ்’ என்றுதான் பெயர் வைக்க நினைத்திருந்தார். அதை வெளியிட்ட எஃப்டிபி (கோப்புப் பகிர்வு) சர்வரைக் கவனித்துக்கொண்ட ஆரி லெம்கே தன் விருப்பத்துக்கு ‘லினக்ஸ்’ என்று ஓர் அடைவைத் திறந்தார். அதற்குத்தான் இத்தனை அடிதடி.

நன்றிக்கடன் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. உழைத்தவர்களையெல்லாம் பெயரில் சேர்ப்பதென்றால் எக்ஸ், மீசா, கேடிஇ, சிஸ்டம்டி என்று மற்ற நிரல்களையும் எழுதிப் பின்னட்டைக்கும் போக வேண்டியிருக்கும். இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் ‘யூநேம்’ கட்டளைக்கு ‘ஓ’ தெரிவைக் கொடுத்தால் திரையில் ‘குனு/லினக்ஸ்’ என்றே வருகிறது என்று சாய்கோடு படமெடுத்து அனுப்பியிருக்கிறான். எதுவும் சேர்க்காமல் அடித்தால் வெறும் ‘லினக்ஸ்’ என்றுதான் வரும் என்பதைச் சொல்லவில்லை. சாட்சி சொல்லும் அந்த நிரலே குனு வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்லவில்லை. கெட்டிக்காரன்!

ஆனாலும் என் ஓட்டு அவனுக்குத்தான். காரணம் வேறு. கையேட்டை வாசித்துப் பார்க்கக் கொடுத்தோம் அல்லவா, அதில் ஒரு பெண் ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையில் முயன்றிருக்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் உரையில் தேடும் கட்டளையான ‘கிரெப்’புக்குப் பெரிய ‘பி’ தெரிவு வரும் இடத்தில் பிழைச்செய்தி. பாஷ் ஷெல்லும் இல்லை. அவள்மீது என்ன தப்பு? ஆல்பைனும் லினக்ஸ்தான், ஆனால் அதில் குனுக் கருவிகளுக்குப் பதிலாக இருப்பது பிசிபாக்ஸும் மசல் நூலகமும். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது, நம் பாடங்கள் அங்கே செல்லுமா? நாம் எழுதியிருப்பது குனுக் கருவிகளைப் பற்றி. அதை அட்டையில் சொல்வதில் பேராசிரியருக்கு என்ன நஷ்டம்? ‘ஊரே லினக்ஸ் என்கிறது’ என்கிறார். வாயால் நானும் அப்படித்தான் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

இந்தக் காரணமும் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 25.10 பதிப்பில் அடிப்படைக் கட்டளைகளுக்கு ரஸ்ட் மொழியில் எழுதியவற்றை வைத்துவிட்டார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழையவற்றின் உரிமம் ஜிபிஎல், இவற்றினுடையது எம்ஐடி. மாற்றி வெளியிடுகிறவன் மூலநிரலையும் தரவேண்டும் என்று ஜிபிஎல்லில் உள்ள கட்டாயம் எம்ஐடியில் கிடையாது. சேது, பெயர் போவதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. ஸ்டால்மன் 1984-இல் வேலையை விட்டுவிட்டு இறங்கியது காசில்லாமல் ஒரு யூனிக்ஸ் வகை இயங்குதளம் கிடைக்கட்டும் என்பதற்காக மட்டுமா? நிரலைத் திறந்து பார்க்க, திருத்த, அடுத்தவருக்குக் கொடுக்க உரிமை வேண்டும் என்பதற்காக. நம் கையேட்டில் இதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. எட்டுப் பக்கம் எழுதியவனுக்கும் அது கண்ணில் படவில்லை. அட்டையில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே உரிமத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால் அது என்ன நியாயம்?

ஆகவே, உரிமத்தைப் பற்றிய அத்தியாயத்தை நீ எழுது. பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். சட்டப் பிரசங்கம் வேண்டவே வேண்டாம். பேராசிரியர் உன் பேச்சைத்தான் கேட்பார். அவரிடம் நீயே பேசு. ‘டெபியன் குனு/லினக்ஸ்’ என்று பெயரிலேயே கோட்டை வைத்திருப்பதை இத்தனை வருடம் பயன்படுத்துகிறவன் நடுநிலை என்று நழுவக்கூடாது.

குனுவின் சொந்தக் கெர்னலான ஹர்டை நிறுவிப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று? 1990-இல் தொடங்கிய கெர்னல், உனக்காகவாவது நிமிர்ந்து நின்றதா?

அன்புடன்,
ராகவன்