திரைக்கு அப்பால் ஆசிரியரின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியில் செவிலியராகப் பணியேற்கப் பெரும்பாலும் பி2 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது) ஜெர்மன் மொழித்தேர்ச்சி கேட்கப்படுவதால், நம் செவிலியர் பலர் இரவுப் பணி முடிந்த கையோடு கைபேசியில் ஜெர்மன் வகுப்புக்கு அமர்கிறார்கள். பாதியில் நின்றுவிட்டவர்களைக் கேட்டால் இணைய வேகத்தையும் இலக்கணத்தையும் குறை சொல்வார்கள்; ஆசிரியர் பேசும் முறையும் ஒரு காரணம் என்பதை, என் மகளின் வகுப்பைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டே நான் அறிந்தேன்.

‘நேற்று கடைக்குப் போனேன்’ என்று சொல்ல வந்த ஒரு மாணவி, ‘ஸைன்’ என்ற துணைவினையின் ‘இஷ் பின்’ வர வேண்டிய இடத்தில், ‘ஹாபென்’ என்ற துணைவினையின் ‘இஷ் ஹாபெ’ என்று தொடங்கியதுமே, ‘தப்பு, அடுத்தவர் சொல்லுங்கள்’ என்று ஆசிரியர் வெட்டினார். நேரடி வகுப்பானால் ஆசிரியரின் முகக்குறிப்போ பக்கத்து இருக்கைத் தோழியோ அந்தக் கடுமையைத் தணித்திருக்கக்கூடும். இங்கே குரல் ஒன்றுதான் வந்து சேர்கிறது. அதன்பின் அந்தப் பெண் மைக்கைத் திறப்பது அரிதாகி, ‘எஸ் மேம்’ என்று சாட்டில் தட்டுவதோடு நின்றுவிட்டார். ஜெர்மன் மொழித்தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி2 தேர்விலோ பேசுதல் தனிப் பகுதி. அதில் 100-க்கு 60 எடுத்தாக வேண்டும்.

இதற்காக எதற்கெடுத்தாலும் ‘சூப்பர்’ என்று பாராட்டும் ஆசிரியர்களை நான் கேட்கவில்லை. பிழையைத் தாமே திருத்திச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவதும் போதாது: கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பற்றி மொழிக்கல்வி ஆய்வாளர்கள் லிஸ்டர், ராந்தா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட அந்த முறைக்குப் பிறகு மாணவர்கள் பிழையைத் திருத்திக்கொண்டது குறைவாகவே இருந்தது. என் மகளுக்கு அடுத்து வாய்த்த ஆசிரியை வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, ‘போவதற்கு ஹாபென் வருமா, ஸைன் வருமா?’ என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பார். சற்று நேரத்தில் விடை அதே மாணவியிடமிருந்தே வரும். கேள்வி கேட்டபின் மூன்று நொடியாவது காத்திருந்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்று, அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். குரல் தாமதமாக வந்து சேரும் இணையத்தில் ஐந்து நொடி கொடுத்தாலும் தகும்.

பயிற்சி நிறுவனங்கள் ஆசிரியரின் சான்றிதழ்களை விளம்பரம் செய்கின்றன. அத்துடன், கட்டணம் வாங்குமுன் நடப்பு வகுப்பொன்றை முழுமையாக உடனிருந்து கேட்க மாணவர்களை அனுமதிக்க வேண்டும். பதிவான வகுப்புகளை மாதம் ஒருமுறையேனும் தலைமை ஆசிரியர் கேட்டுப் பார்த்து, யார் பேசவே இல்லை என்று குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியரின் தந்தை,
பாளையங்கோட்டை.