வாரம் பெர்சியில் எங்களோடு நடந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற, இடைக்காலத்திலேயே கைவிடப்பட்ட ஊருக்கு எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் போய் நல்லபடியாகத் திரும்பினார்கள். உதவிய எல்லோருக்கும் பெற்றோர் சார்பில் நன்றி.

முதல் நன்றி, எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிய பெரியவருக்கு. மாணவராக இருந்தபோது அங்கே நடந்த அகழாய்வில் மண் தோண்டியவர் அவர். ஊர் என்றாலும் இன்று அங்கே குடியிருப்பவர் யாரும் இல்லை. கூரையில்லாத தேவாலயமும் புல்மேடுகளும்தான். அந்த மேடுகளில் வீடு எது, கொல்லை எது, தெரு எது என்று அவர் காட்டக் காட்டப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்!

தேவாலயச் சுவரையும் தொட்டுக் காட்டினார். ஒரு காலத்தில் திறந்திருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஊரில் ஆள் குறைந்ததும் பக்கக்கூடத்தை இடித்து, கட்டடத்தையே சுருக்கிவிட்டார்களாம். பதினான்காம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் ஊர் அழிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு மக்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். 1500ஐ ஒட்டி, ஆடு வளர்ப்பில் வருமானம் அதிகம் என்று கடைசிக் குடும்பங்களை நிலத்துக்காரர் வெளியேற்றிய கதையைக் கேட்டுப் பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். எனக்கும் மனசு ஆறவில்லை.

வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்று நடத்திய அகழாய்வு 1950 முதல் 1990 வரை கோடைதோறும் நடந்தது. இடைக்கால ஊருக்கு முந்தைய சாக்சன் காலக் குடியிருப்பும், கொல்லர் வேலை நடந்த தடயமும், கல் தேவாலயத்துக்கு முன்பிருந்த மரக் கோயிலின் தடமும் அப்படித்தான் கிடைத்தன. சாதாரண உழவர் வீட்டுக்கும் இவ்வளவு அக்கறை காட்டிய அத்தனை தன்னார்வலர்களுக்கும், இன்று நம்மிடையே இல்லாதவர்களுக்கும் சேர்த்து, எங்கள் நன்றி.

கூட வந்த மருத்துவரம்மாவுக்குத் தனி நன்றி. அங்கே கிடைத்த கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடுகளை ஆராய்ந்ததில், குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தது தெரிந்தது என்று அவர் சொன்னபோது, தாய்மார்கள் எல்லோரும் கிட்டே வந்து நின்று கேட்டார்கள்.

அப்புறம், பஸ் ஓட்டி வந்த தம்பிக்கும், சாப்பாடு கட்டித்தந்த அக்காமாருக்கும் நன்றி. பிள்ளைகள் வரைந்த ஊர்ப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் பெரியவருக்கு அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
தமிழ் வகுப்புப் பெற்றோர்