நம்ம ஸ்கூல் குளத்தை ஏன் மூட வேணாம்னு சொல்றேன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

பக்கத்து பிளாக்ல டெங்கி வந்ததுலேர்ந்து, பின்பக்க எக்கோ கார்டன் குளத்தை மண்ணு போட்டு மூடிடுங்கன்னு நிறைய மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. பயம் நியாயம்தான், எனக்கும் இருக்கு. இங்கிலீஷ் சர்குலர்ல சுருக்கமா பதில் போட்டுட்டோம், ஆனா உங்ககிட்ட தமிழ்ல கொஞ்சம் விரிவா பேசணும்னு தோணுச்சு, ஏன்னா இது தட்டான் சம்பந்தப்பட்ட விஷயம், அதைப் பத்தி தமிழ்ல பேசுனாதான் எனக்கு மனசு நிறையும்.

போன மாசம் பிரைமரி 4 புள்ளைங்களோட அந்தக் குளத்துல வலை போட்டு, அள்ளுனத ஒரு வெள்ளை ட்ரேல கொட்டிப் பார்த்தோம். இலைக்குப்பைக்கு நடுவுல பழுப்பா, தடியா, ஆறு காலோட ஒண்ணு மெதுவா நகர்ந்துச்சு, அதுதான் தட்டானோட குட்டி. றெக்கை முளைக்கற வரைக்கும் அது தண்ணிக்குள்ளதான் வாழும். கீழுதடு மடிஞ்சு முகத்துக்கு அடியில இருக்கும், இரை பக்கத்துல வந்தா அந்த உதடு கை மாதிரி சட்டுனு நீண்டு புடிச்சு வாய்க்குக் கொண்டு வந்துடும். கொசுப்புழு, தலைப்பிரட்டை, சில நேரம் தன் இனத்துக் குட்டியையே கூட தின்னும். மூச்சு விடறது பின்பக்கமா, ஆபத்துன்னா அதே வழியா தண்ணிய பீச்சி முன்னாடி பாயும், இதை சொன்னதும் கிளாஸே சிரிச்சு ஓயல. தட்டானுக்கு ஒல்லியான சொந்தம் ஊசித்தட்டான், அதோட குட்டி வேற மாதிரி, ஒல்லியா, வால்ல மூணு இலை ஒட்டுன மாதிரி இருக்கும், அது செவுள்.

இவ்ளோ சொன்னதால, தட்டான் இருந்தா டெங்கி வராதுன்னு நான் சொல்றதா தயவுசெஞ்சு நினைக்காதீங்க. டெங்கியப் பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு குளமே தேவையில்ல, 20 காசு நாணயம் அளவு தண்ணி போதும். பூந்தொட்டித் தட்டு, துணி காயப்போடற மூங்கில் கழி சொருகற குழாய், ஏசிக்கு கீழ இருக்கற ட்ரே, பாத்ரூம் மூலையில மறந்துபோன வாளி, இங்கெல்லாம் கொசுப்புழுவைத் தின்ன எந்தத் தட்டான் குட்டியும் இருக்காது. முட்டைலேர்ந்து கொசுவாகி பறக்க கிட்டத்தட்ட ஒரு வாரம்தான் ஆகும், அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்தத் தண்ணியக் கொட்டிக் கவுத்து வைங்க. கொசுவைத் தின்னுற உசுருங்க இருக்கற குளத்தை மூடிட்டு வீட்டுத் தொட்டிய அப்படியே விட்டா நமக்கு என்ன லாபம், சொல்லுங்க. குளத்து ஓரத்துல தண்ணி தேங்குற குழி, தொட்டி எல்லாத்தையும் ஸ்கூல் தரப்புல வாரா வாரம் பார்க்கறோம், அதுல விட்டுக்கொடுக்க மாட்டோம்.

சிங்கப்பூர்ங்கற இந்தச் சின்ன தீவுல இதுவரைக்கும் 120க்கு மேல தட்டான், ஊசித்தட்டான் வகைங்க பதிவாகியிருக்கு. எல்லாம் எல்லா இடத்துலயும் வாழாது. சில வகைக்கு நிழலான காட்டு ஓடைதான் வேணும், 'நீ சூன்'ங்கற சதுப்புக் காடு மாதிரி, அது இங்க மிச்சமிருக்கற கடைசி பெரிய நன்னீர் சதுப்புக் காடு, பொதுமக்கள் உள்ள போக முடியாது, போக முடியாததுதான் அதுங்களுக்கு நல்லதுன்னு நான் நினைக்கறேன். நம்ம குளத்துக்கு வர்றது வெயில் விரும்புற வகைங்க. மஜந்தா கலர்ல ஒண்ணு கம்பி நுனில உட்காரும்ல, அது ஆண், பக்கத்துல மஞ்சள் பழுப்புல இருக்கறது அதே வகை பொண்ணு, புள்ளைங்க ரெண்டையும் வேற வேறன்னு தனித்தனியா வரைஞ்சிருந்தாங்க. உச்சி வெயில்ல அது வாலை சூரியனைப் பார்த்துத் தூக்கி தலைகீழா நிக்கும், உடம்புல படற வெயிலைக் குறைக்கத்தான் அப்படி. ஃபீல்டு மேல கூட்டமா பறக்குற மஞ்சத் தட்டான் கடல் தாண்டி பயணம் போற வகை, இந்தியாலேர்ந்து மாலத்தீவு வழியா ஆப்பிரிக்கா வரைக்கும் போகுது. இங்க இருக்கற சிவப்புக் குட்டித் தட்டான் ஒண்ணு 10 காசு அகலம்கூட நீளம் இருக்காது, ஆனா அது நம்ம குளத்துக்கு இன்னும் வரல.

பிஷான் பார்க் பக்கம் இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அங்க காலாங் ஆறு முன்ன சிமெண்ட் கால்வாயா நேரா ஓடுச்சு, 2012ல புல்லும் கல்லும் வளைவுமா மறுபடியும் ஆறாக்குனாங்க. இப்ப அங்க சாயங்காலம் போனா தட்டானைத் தேடவே வேணாம். கரையோரச் செடியும் வேரும் இருந்தா தானா வந்துடுது.

ஒரு உதவி வேணும். போன வருஷம் யாரோ நல்லெண்ணத்துல லோங்காங் மீனுங்களை, அதாவது சாக்கடைக் கால்வாய்ல இருக்கற குட்டி மீனுங்களைக் கொண்டுவந்து குளத்துல விட்டுட்டாங்க. அது கொசுப்புழுவைத் தின்னும், உண்மைதான், கூடவே தட்டான் குட்டியையும் தின்னுச்சு, கொஞ்ச வாரத்துல ஊசித்தட்டானே காணோம். தோட்டக்காரர் அண்ணன் ரெண்டு மாசமா வலை போட்டு எடுத்தாரு. மீன், ஆமை எதையும் குளத்துல விடாதீங்க. அதே மாதிரி தட்டான் வால்ல நூல் கட்டி விளையாடறது நம்ம பழக்கத்துல இருந்துச்சு, நானும் செஞ்சிருக்கேன், இப்ப நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு, புள்ளைங்களுக்கு சொல்லித்தர வேணாம்.

வர்ற சனிக்கிழமை காலை 9 மணிக்கு பின்பக்க கேட்டைத் திறந்து வைக்கறேன், வந்து நீங்களே ட்ரேல பாருங்க, அதுக்கப்புறமும் மூடணும்னு தோணுனா நேர்ல சொல்லுங்க, கேட்கறேன். நனைஞ்சா பரவால்லங்கற ஷூ போட்டுக்குங்க. வீட்ல தாத்தா பாட்டி இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, தட்டான் தாழப் பறந்தா மழைன்னு சொல்வாங்கல்ல, அதையும் அவங்க ஊர்ல தட்டானுக்கு என்ன பேருன்னும் புள்ளைங்க நோட்டுல எழுதி வைக்க ஆசைப்படறாங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்